நோனி ஜூஸும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 54 வயது, பதினோரு வருஷமாக சுகர். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் வேலை. போன மாதம் யூரின் டெஸ்டில் அல்புமின் 210 என்று வந்தது. கிரியாட்டினின் 1.3, மூன்று மாத சுகர் 8.4, பிரஷர் 136/84. டாக்டர் டெல்மிசார்ட்டான் 40-ம், டாபாக்ளிஃப்ளோசின் என்று இன்னொன்றும் எழுதிக்கொடுத்தார். பிரஷரே இல்லாதவனுக்கு எதற்கு பிரஷர் மாத்திரை என்று இவர் கேட்கிறார். என் நாத்தனார் வீட்டுக்காரர் நோனி ஜூஸும், வைட்டமின் சி, ஈ, பி எல்லாம் சேர்ந்த ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூலும் விற்கிறார். "சுகர் கிட்னியைக் கெடுப்பதே ஆக்சிடேஷனால்தான், இதைக் குடித்தால் பழையபடி ஆகிவிடும், இங்கிலீஷ் மாத்திரைதான் கிட்னியை அரிக்கும், அதை நிறுத்து" என்கிறார். இரண்டு மாதத்துக்கு 5,800 ரூபாய். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் மாத்திரை போட்டுப் போட்டே டயாலிசிஸ் வரைக்கும் போனார் என்பதால் எனக்கும் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அம்மா, வாங்க வேண்டாம். நோனியும் வேண்டாம், அந்தக் கேப்சூலும் வேண்டாம். டெல்மிசார்ட்டானையும் டாபாக்ளிஃப்ளோசினையும் இதற்குள் நிறுத்தியிருந்தால், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் நாளைக்கே சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு இவ்வளவு போதும். ஏன் என்று தெரிந்துகொள்ள நேரமிருந்தால் மேலே படியுங்கள், முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னதில் முதல் பாதி கட்டுக்கதை இல்லை. ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்கிற ஒரு சின்ன முடிச்சு. இரண்டு கிட்னியும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டு மிச்சத்தை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. உடம்பில் பல இடங்களில் ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் செல்கள் தங்களுக்கு வேண்டிய அளவுக்கு மேல் உள்ளே விடாது. இந்த மெல்லிய ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிற செல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, வெளியே எவ்வளவோ அவ்வளவு உள்ளேயும் போய்விடும். உள்ளே போன சர்க்கரையை செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா எரிக்கும்போது, அளவுக்கு மீறி எரிப்பதால் சூப்பர் ஆக்சைடு என்கிற ஒரு மூலக்கூறு கசிகிறது. ஃப்ரீ ராடிக்கல் என்று விளம்பரங்களில் வருகிறதே, அதில் இது முக்கியமான ஒன்று. சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் கெட்டுப்போவதற்குப் பல வழிகள் சொல்லப்பட்டு வந்த நிலையில், அவை எல்லாவற்றுக்கும் தலையூற்று இந்த சூப்பர் ஆக்சைடுதான் என்று நியூயார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் ஒரே கணக்காகக் கட்டிக்காட்டினார். வடிகட்டியின் சுவர் தடித்துப்போவது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற செல்கள் உதிர்வது, அந்த ஓட்டை வழியாக அல்புமின் என்கிற புரதம் சிறுநீரில் இறங்குவது, எல்லாம் இதோடு சம்பந்தப்பட்டவைதான்.

ஆனால் கிட்னிக்குள் ஆக்சிடேஷன் நடக்க இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது, பாட்டில் விற்பவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆஞ்சியோடென்சின் என்று ஒரு ஹார்மோன். சுகர்காரர்களின் கிட்னிக்குள் இது அளவுக்கு மேல் வேலை செய்யும். வடிகட்டியை விட்டு ரத்தம் வெளியேறுகிற குழாயை இது இறுக்கிவிடுகிறது, அதனால் கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிரஷர் சாதாரணமாகத் தெரிந்தாலும் வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறிக் கிடக்கும். அதே ஆஞ்சியோடென்சின் செல்லுக்குள் இருக்கிற ஒரு நொதியையும் தட்டி எழுப்பும், அந்த நொதியின் வேலையே சூப்பர் ஆக்சைடு தயாரிப்பதுதான். இந்த ஹார்மோனை மறிக்கிற மாத்திரை எது தெரியுமா? டெல்மிசார்ட்டான்.

ஆக, "பிரஷர் இல்லாதவனுக்கு எதற்கு பிரஷர் மாத்திரை" என்ற கேள்விக்கு பதில் இதுதான்: அது இவருக்குக் கிட்னி மாத்திரையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உள்ளழுத்தத்தையும் குறைக்கும், ஆக்சிடேஷனையும் அது உற்பத்தியாகிற இடத்திலேயே குறைக்கும். (தவிர, யூரினில் அல்புமின் போகிற சுகர்காரருக்கு 136/84 நல்ல பிரஷர் இல்லை, 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.) ஒரு போட் இன்ஜின் கரும்புகை கக்கினால் உங்கள் வீட்டுக்காரர் புகையை அடக்க எதையாவது வாங்கி ஊற்றமாட்டார், இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்ப்பார். டெல்மிசார்ட்டானும் டாபாக்ளிஃப்ளோசினும் இன்ஜெக்டர் பக்கம் வேலை செய்கிறவை, நோனி புகைக்கு வாங்குகிற சரக்கு.

சரி, புகையை அடக்கினாலும் கொஞ்சம் நல்லதுதானே, இரண்டையும் சேர்த்தே சாப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மருத்துவ உலகமும் இதையே கேட்டு, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டது. 2000-இல் ஹோப் என்கிற ஆய்வின் முடிவு வந்தது. அதில் இருந்த சுகர்காரர்கள் மட்டும் 3,500 பேருக்கு மேல். இந்த ஆய்வை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், அதே ஆட்களிடம் இரண்டு விஷயத்தையும் ஒன்றாகச் சோதித்தார்கள்: ஒரு பக்கம் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, இன்னொரு பக்கம் ராமிப்ரில், அதாவது டெல்மிசார்ட்டானைப் போலவே ஆஞ்சியோடென்சின் பக்கம் வேலை செய்கிற மாத்திரை. நாலரை வருஷம் கழித்துப் பார்த்தால் ராமிப்ரில் சாப்பிட்டவர்களில் கிட்னி பாதிப்பு முற்றியவர்கள் 24 சதவீதம் குறைவு. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

பயன் இல்லை என்பதோடு போயிருந்தால்கூட காசு போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். 2010-இல் கனடாவில் இருந்து வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. சுகரால் கிட்னி பாதித்தவர்களுக்கு அதிக அளவில் பி வைட்டமின்கள் கொடுத்தார்கள், ஃபோலிக் ஆசிட் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 ஒரு மில்லிகிராம். நல்லது நடக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். வைட்டமின் சாப்பிட்டவர்களுக்குத்தான் கிட்னியின் வடிகட்டும் திறன் வேகமாகக் குறைந்தது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அவர்களுக்கே அதிகம் வந்தன. அப்புறம் பார்டாக்ஸலோன் என்று ஒரு மருந்து, உடம்பின் சொந்த ஆக்சிடேஷன் எதிர்ப்பைத் தூண்டிவிடுவதற்கென்றே தயாரித்தது. கிட்னி ரொம்பக் கெட்டுப்போன 2,185 சுகர்காரர்களிடம் சோதனை நடந்தது, இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்தவர்களிடையே அதிகமானதால் 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கம்பெனி செலவழித்து முறையாகத் தயாரித்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், கேப்சூல் டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் நான் நம்பத் தயாரில்லை.

ஏன் இப்படி ஆகிறது? சூப்பர் ஆக்சைடு செல்லுக்குள்ளே, அதுவும் குறிப்பிட்ட இடத்தில், நொடிக்கு நொடி உண்டாகிறது, உண்டான வேகத்திலேயே பக்கத்தில் இருப்பதோடு வினைபுரிந்துவிடுகிறது. வாயில் போட்ட வைட்டமின் குடலில் இறங்கி ரத்தத்தில் கலந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். இன்னொன்று, ஆக்சிடேஷன் முழுக்க வில்லன் என்பதும் தப்பு. உடம்பு அதைச் சின்ன அளவில் தகவல் சொல்லப் பயன்படுத்துகிறது. 2009-இல் ஜெர்மனியில் உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள், உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கிற அந்த லாபம் வைட்டமின் சாப்பிட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. நடந்து சம்பாதித்ததை மாத்திரை போட்டுத் தொலைத்த மாதிரி.

எலிகளில் மஞ்சள், கிரீன் டீ, திராட்சைக் கொட்டை என்று எதைக் கொடுத்தாலும் கிட்னி காப்பாற்றப்படுகிறது, வாட்ஸப்பில் சுற்றுகிற செய்திகளில் பெரும்பாலானவை அந்த வகை ஆய்வுகள்தான். எலிக்கு ஊசி போட்டு சுகர் வரவைத்து, அன்றைக்கே மஞ்சளையும் ஆரம்பித்துவிடுவார்கள். பதினோரு வருஷமாக சுகரோடு இருக்கிற மனிதன் வேறு.

இனி நோனி. நம் ஊர் நுணா மரத்துக்கு நெருங்கிய சொந்தம் அது, மரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதன் ஜூஸில் பொட்டாசியம் அதிகம், கிட்டத்தட்ட ஆரஞ்சு ஜூஸ் அளவுக்கு. டெல்மிசார்ட்டான் எடுப்பவருக்கு உடம்பில் பொட்டாசியம் தங்குவதற்கு ஏற்கெனவே வாய்ப்பு உண்டு, கிட்னியும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கிட்னி நோயாளி ஒருவருக்கு நோனி குடித்துப் பொட்டாசியம் ஏறிய சம்பவம் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. வைட்டமின் சி-யை கிராம் கணக்கில் விழுங்கினால், உடம்பு மிச்சத்தை ஆக்சலேட்டாக மாற்றி கிட்னி வழியாகத்தான் தள்ளும், அது அங்கேயே படிந்து கிட்னியை அடைத்தவர்களும் உண்டு. நட்சத்திரப் பழ ஜூஸும் அந்த ஜாதிதான், கிட்னி தளர்ந்தவர்கள் தொடவே கூடாது. கூடவே லோ சோடியம் உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அது பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு கலந்தது, நல்லது என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள்.

பி வைட்டமினை மொத்தமாகத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் பல வருஷமாக மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை சாப்பிட்டால் பி12 குறைந்திருக்கலாம், ரத்தத்தில் பார்த்துக் குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிற அளவுக்கு எடுப்பது சரியான வைத்தியம்.

பக்கத்துத் தெருக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் பயத்தின் வேர் அதுதான். அவரை நான் பார்த்ததில்லை, ஆனால் இந்தக் கதை ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரைக்கும் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. சுகரால் கிட்னி கெடுவது பத்துப் பதினைந்து வருஷம் சத்தமே இல்லாமல் நடக்கும். அதே காலத்தில் மாத்திரைகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் நோய் ஏறுகிறது. பார்ப்பவர்களுக்கு மாத்திரை கூடக்கூடக் கிட்னி போன மாதிரி தெரியும். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை, கிட்னி ஏற்கெனவே தளர்ந்தால் அது உடம்பில் தேங்கும் என்பதால் வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) 45-க்குக் கீழ் போனால் டோஸைக் குறைத்து, 30-க்குக் கீழ் போனால் நிறுத்துகிறோம். டெல்மிசார்ட்டான், டாபாக்ளிஃப்ளோசின் ஆரம்பித்த சில வாரத்தில் கிரியாட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்தில் லேசாக ஏறுவதும் உண்டு. உள்ளழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது, 30 சதவீதம் வரைக்கும் ஏறினால் பொதுவாக நாங்கள் மாத்திரையைத் தொடர்கிறோம். இந்த இடத்தில்தான் பலர் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, பார்த்தியா மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது என்று தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். நீங்களும் அடுத்த ரிப்போர்ட்டில் 1.3 என்பது 1.5 ஆனதைப் பார்த்தால் பதறாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது ஒரு வகை மாத்திரைக்கு உண்மை, அதை ஏனோ யாரும் சந்தேகப்படுவதே இல்லை: வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். படகின் இன்ஜின் அறைக்குள் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவருக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்குமா? மெடிக்கலில் பெயர் சொல்லாமலே இரண்டு வாங்கிப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். டெல்மிசார்ட்டானும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வற்றிய உடம்பும், இந்த வலி மாத்திரையும் ஒன்று சேர்ந்தால் ஒரே வாரத்தில் கிட்னி படுத்துவிடும், பார்த்திருக்கிறேன். வலிக்கு பாராசிட்டமால், மேலே தடவுகிற மருந்து, அதற்கும் அடங்கவில்லை என்றால் டாக்டர்.

இனி அவருடைய எண்கள். 54 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.3 என்றால் வடிகட்டும் அளவு சுமார் 65. லேபில் 1.3 வரைக்கும் நார்மல் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், இருந்தும் கொஞ்சம் இழந்துதான் இருக்கிறார். அல்புமின் 30-க்குக் கீழே இருக்க வேண்டும், 300-ஐத் தாண்டினால் முற்றிய கட்டம், இவர் நடுவில் இருக்கிறார். எனக்கு இந்தக் கட்டத்தில் வருகிறவர்களைப் பார்த்தால் சந்தோஷம்தான், ஏனென்றால் இங்கிருந்து 30-க்குக் கீழே திரும்பியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒரே டெஸ்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடல் உழைப்பு இருந்த நாளில் எடுத்தாலும் அல்புமின் ஏறித் தெரியும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கிற மூன்று டெஸ்டில் குறைந்தது இரண்டிலாவது அப்படி வந்தால்தான் உறுதி. அதற்காக அதுவரைக்கும் மாத்திரை வேண்டாம் என்று அர்த்தமில்லை. கண்ணையும் ஒருமுறை விழித்திரை வரைக்கும் பார்த்துவிடுங்கள், கிட்னியில் நடப்பது பெரும்பாலும் கண்ணிலும் நடக்கும்.

டாபாக்ளிஃப்ளோசினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் விலையைக் கேட்டுத்தான் பலர் நிறுத்துகிறார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வில் 4,304 கிட்னி நோயாளிகளிடம் இதைச் சோதித்தபோது, கிட்னி பாதிக்கு மேல் தளர்வது, டயாலிசிஸ், கிட்னி அல்லது இதயத்தால் மரணம் என்று எல்லாம் சேர்த்து 39 சதவீதம் குறைந்தது. சிறுநீரில் சர்க்கரையை வெளியே தள்ளுகிறது, வடிகட்டிக்குள் வருகிற அழுத்தத்தை மறுபக்கத்தில் இருந்து குறைக்கிறது. காப்புரிமை முடிந்ததால் இப்போது பல கம்பெனிகள் தயாரித்து விலை நன்றாக இறங்கிவிட்டது, முதல்வர் மருந்தகத்திலும் ஜன் ஔஷதியிலும் கேட்டுப் பாருங்கள். இதை எடுக்கும்போது பிறப்புறுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்று வரும், இதை அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் போகிற நாளில் டாபாக்ளிஃப்ளோசின், டெல்மிசார்ட்டான், மெட்ஃபார்மின் மூன்றையும் நிறுத்தி, டாக்டருக்கு உடனே போன் செய்துவிட்டு, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு தொடர வேண்டும்.

சுகர், பிரஷருக்கான வழக்கமான மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். கிட்னிக்கென்றே பார்க்க ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு இருக்கிறது, உங்களுக்கு நடந்து போகிற தூரம்.

சாப்பாட்டில் இருக்கிற ஆன்டிஆக்சிடன்டுக்கு நான் எதிரி இல்லை. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், தக்காளி, வெங்காயம், குழம்பில் போடுகிற மஞ்சள் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், சாப்பாடாக. நெல்லிக்காயைத் தின்னுங்கள், ஜூஸாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறாத வரைக்கும் இவருடைய கட்டத்தில் கீரைக்கும் பழத்துக்கும் பயப்படத் தேவையில்லை. மீன் நல்லது, நெத்திலியும் காணாங்கெளுத்தியும் வஞ்சிரத்தை விடக் குறைந்தவை இல்லை. மீன் எண்ணெய் கேப்சூல் வாங்க வேண்டாம், 2019-இல் 1,300 சுகர்காரர்களிடம் அதையும் வைட்டமின் டி-யையும் பார்த்தார்கள், கிட்னிக்கு எந்தப் பயனும் இல்லை. கருவாடு விஷயத்தில்தான் நான் கறாராக இருப்பேன். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம், அதற்கு மேல் போனால் டெல்மிசார்ட்டான் அல்புமினைக் குறைக்கிற வேலையைப் பாதிதான் செய்யும். காசிமேட்டில் இருந்துகொண்டு கருவாட்டை விடு என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், மாதத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளமும் அதே கணக்குதான். பீடி பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், ஒரு இழுப்பில் உடம்புக்குள் போகிற ஆக்சிடன்ட் கொஞ்சநஞ்சம் இல்லை, அதை வைத்துக்கொண்டு ஆன்டிஆக்சிடன்ட் வாங்குவதைப் பற்றி நான் என்ன சொல்ல?

சுகரை 8.4-இல் இருந்து 7 பக்கம் கொண்டுவந்தால், நான் முதலில் சொன்னேனே, அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிற சரக்கே குறையும். அவர் ராத்திரி வேலை பார்த்துவிட்டு விடிகாலையில் பரோட்டா சாப்பிட்டுப் படுக்கிற ஆளா என்று பாருங்கள், மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் டாக்டரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த 5,800 ரூபாயில் ஒரு குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் வாங்கினால் எனக்குத் திருப்தி.

நாத்தனார் வீட்டுக்காரரிடம் முகம் முறியாமல் எப்படிச் சொல்வது என்பதும் உங்கள் கவலையாக இருக்கும். பழியை என் மேல் போடுங்கள். பொட்டாசியம் ஏறும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பிறகு பார்க்கலாம் என்று முடித்துக்கொள்ளுங்கள். அவருக்கே சுகர் இருந்தால் அவரையும் ஒரு யூரின் அல்புமின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் காசு போகிறதே என்று குடித்துத் தீர்க்க வேண்டாம்.

மாத்திரையை ஆரம்பித்த இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும், மூன்று மாதத்தில் காலையில் போகிற முதல் சிறுநீரில் அல்புமினும் மூன்று மாத சுகரும் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும், அவர் சட்டைப் பையிலும் டூல்ஸ் பெட்டியிலும் வைத்திருக்கிற வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.